கணையப் புற்றுநோய்: சிகிச்சை முறைகளும் விவாதங்களும்

கணையப் புற்றுநோய் என்பது இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காக அமைந்துள்ள கணையம் என்னும் சுரப்பியில் தோன்றும் புற்றுநோய் ஆகும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 5.1 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் சுமார் 4.67 லட்சம் பேர் இதனால் இறந்தனர். இவ்விரு எண்களும் இவ்வளவு நெருங்கியிருக்கும் புற்றுநோய்கள் சிலவே. இந்தியாவில் இந்நோய் ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகியவற்றைவிடக் குறைவாகவே காணப்படுகிறது. ஆனால் வந்தவருக்கு அதன் கடுமை எங்கும் ஒன்றுதான்.

இந்நோய்க்கான சிகிச்சையில் மருத்துவர்களிடையே இன்னும் முடிவுக்கு வராத கேள்விகள் பல உள்ளன. அறுவையை முதலில் செய்வதா, மருந்தை முதலில் கொடுப்பதா. காமாலையைக் குறைத்துவிட்டு அறுப்பதா, நேரே அறுப்பதா. வயிற்றைத் திறந்து செய்வதா, துளை வழியாகச் செய்வதா. எந்தக் கட்டத்தில் சிகிச்சையை நிறுத்துவது ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இக்கட்டுரை அந்த முறைகளையும் விவாதங்களையும், தமிழ்நாட்டில், குறிப்பாக மதுரை வட்டாரத்தில், ஒரு குடும்பம் அவற்றை எதிர்கொள்ளும் விதத்தையும் விளக்குகிறது.

கணையமும் கட்டியின் இடமும்

கணையத்துக்குத் தலை, உடல், வால் என்று மூன்று பகுதிகள் உண்டு. தலைப்பகுதி முன்சிறுகுடலின் வளைவுக்குள் பொருந்தியிருக்கும். கல்லீரலிலிருந்து வரும் பித்தநாளம் இந்தத் தலைப்பகுதி வழியாகவே குடலில் திறக்கிறது. கணையத்தின் பணி இரண்டு: உணவிலுள்ள கொழுப்பு, புரதம், மாவு ஆகியவற்றைச் செரிக்கும் நொதிகளைச் சுரப்பது ஒன்று, இன்சுலின் முதலிய இயக்குநீர்களை இரத்தத்தில் கலப்பது மற்றொன்று.

கணையப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் நொதிநீர் செல்லும் நாளங்களின் சுவரில் தோன்றுபவை. பொதுவாகக் கணையப் புற்றுநோய் என்று சொல்லும்போது குறிக்கப்படுவது இவ்வகையே. இயக்குநீர் சுரக்கும் உயிரணுக்களில் தோன்றும் கட்டிகள் வேறு இனம். அவை மெதுவாக வளர்பவை, சிகிச்சையும் வேறு. ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003இல் கண்டறியப்பட்டது இந்த இரண்டாம் வகை. கோவாவின் முதலமைச்சராக இருந்து 2019 மார்ச்சில் மறைந்த மனோகர் பாரிக்கர் கணையப் புற்றுநோயுடன் ஓராண்டுக்கு மேல் போராடினார். புகழ்பெற்ற ஒருவர் இத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்ற செய்தியைக் கொண்டு தம் வீட்டு நோயாளியின் நிலையைக் கணிக்க முற்படுவோர், முதலில் இரண்டும் ஒரே வகைதானா என்று கேட்டறிய வேண்டும்.

அதேபோல, பித்தநாளமும் கணையநாளமும் குடலில் திறக்கும் வாயிலில் தோன்றும் கட்டியும் உண்டு. அறிகுறியும் அறுவையும் கணையத் தலைப் புற்றுநோயைப் போன்றே இருந்தாலும், வாயில் கட்டி சீக்கிரமே காமாலையைக் காட்டிவிடுவதால் அறுவைக்குப் பிந்தைய வாழ்நாள் கணிசமாகக் கூடுதல். கணையத்தில் கட்டி என்றாலே எதுவும் செய்வதற்கில்லை என்று ஸ்கேன் அறிக்கையைப் பார்த்தவுடன் கைவிடுவது தவறு என்பதற்கு இது முதல் காரணம்.

காமாலையாக வரும் புற்றுநோய்

கணையத் தலையில் வளரும் கட்டி பித்தநாளத்தை நெருக்கும்போது பித்தம் குடலுக்குச் செல்ல முடியாமல் இரத்தத்தில் தேங்குகிறது. கண் மஞ்சளாகிறது, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போகிறது, மலம் வெளுத்து, சுண்ணாம்பு நிறத்தில் போகிறது, உடல் முழுவதும் அரிப்பு எடுக்கிறது. காய்ச்சலோ வலியோ இல்லாமலும் இது நிகழலாம்.

தமிழ்நாட்டில் மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லியும் பத்தியமும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். கிருமியால் வரும் கல்லீரல் அழற்சிக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடுவதால், மருந்து கேட்டது என்ற நம்பிக்கை வேரூன்றியுள்ளது. அடைப்பால் வரும் காமாலை அப்படித் தணியாது. அதற்குப் பச்சிலை மருந்திலும் பத்தியத்திலும் கழியும் ஒவ்வொரு வாரமும் கட்டி வளரும் வாரம். பத்தியம் என்று எண்ணெய், பருப்பு, அசைவம் அனைத்தையும் நிறுத்திவிடுவதால் உடலும் நலிகிறது. நாற்பது வயதைக் கடந்த ஒருவருக்கு அரிப்புடனும் வெளுத்த மலத்துடனும் காமாலை வந்தால், அன்றே செய்ய வேண்டியது வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். பித்தநாளம் விரிந்திருக்கிறதா என்பதை அந்த எளிய ஸ்கேன் சொல்லிவிடும்.

கணையத்தின் உடலிலும் வாலிலும் தோன்றும் கட்டி காமாலையைக் காட்டாது. மேல்வயிற்றிலிருந்து முதுகுக்குப் பாயும் வலி, காரணமில்லாத மெலிவு, பசியின்மை, புதிதாக வரும் நீரிழிவு ஆகியவையே அடையாளங்கள். வலியை வாயு என்றும், மெலிவைச் சர்க்கரை நோயால் வந்தது என்றும் எண்ணிக் கடத்திவிடுவது வழக்கம். அதனால் இவ்வகை பெரும்பாலும் பரவிய நிலையில்தான் கண்டறியப்படுகிறது.

தென்னிந்தியாவின் தனிச்சூழல்

புகைபிடித்தல், உடற்பருமன், நீண்டகால நீரிழிவு, குடும்ப வரலாறு, நாள்பட்ட கணைய அழற்சி ஆகியவை உலகெங்கும் அறியப்பட்ட காரணிகள். தென்னிந்தியாவில் இவற்றுடன் ஒன்று கூடுகிறது: வெப்பமண்டலக் கணைய அழற்சி. மதுப்பழக்கம் இல்லாத இளவயதினரிடம் வயிற்று வலியாகத் தொடங்கி, கணைய நாளத்தில் பெரிய கற்கள் உருவாகி, பின்னர் நீரிழிவில் முடியும் நோய் இது. கேரளத்தில் பி. ஜே. கீவர்கீஸ் 1960களில் இதை விரிவாகப் பதிவுசெய்தார். மரவள்ளிக்கிழங்குதான் காரணம் என்ற கருத்து நெடுங்காலம் பேசப்பட்டது, அது உறுதிப்படவில்லை. ஸ்பிங்க்-1 என்னும் மரபணுவில் காணப்படும் மாற்றத்துக்கு இதில் பங்குண்டு என்பது பின்னர் தெரியவந்தது.

இந்த அழற்சி புற்றுநோயாக மாறுமா என்ற கேள்விக்கு விடை தேடிய ஆய்வுகளில் சென்னையில் நடந்தது முக்கியமானது. சுரேஷ் சாரி, வி. மோகன், சி. எஸ். பிச்சுமணி, எம். விஸ்வநாதன் முதலியோர் 1994இல் வெளியிட்ட அந்த ஆய்வில் 185 நோயாளிகள் சராசரியாக நாலரை ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். அக்காலத்தில் இறந்த 24 பேரில் 6 பேர் கணையப் புற்றுநோயால் இறந்தனர். பொதுமக்களுடன் ஒப்பிட இது ஏறத்தாழ நூறு மடங்கு ஆபத்து என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். எண்ணிக்கை சிறியது என்பதால் அந்த மடங்கைத் துல்லியமானதாகக் கொள்ள இயலாது. ஆபத்து மிகுதி என்பதில் ஐயமில்லை. கணையக் கல் உள்ள ஒருவருக்கு அடங்கியிருந்த வலி திரும்பினாலோ, சர்க்கரை கட்டுக்குள் இருந்தும் எடை குறைந்தாலோ பழைய நோய்தான் என்று விட்டுவிடாமல் மீண்டும் ஸ்கேன் எடுக்க வேண்டும். கற்கள் நிறைந்த கணையத்தில் சிறு கட்டியைப் பிரித்தறிவது கடினம் என்பதும் இங்குள்ள மருத்துவர்களின் அன்றாடச் சிக்கல்.

நோயின் நிலையை வகுத்தல்

சிகிச்சை முடிவு முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றியே அமைகிறது: கட்டியை மிச்சமின்றி அகற்ற முடியுமா? இதற்கு விடை தருவது கணையத்துக்கென்றே தனிமுறையில் எடுக்கப்படும் சி.டி. ஸ்கேன். குடலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய தமனியும், குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் எடுத்துச்செல்லும் பெரிய சிரையும் கணையத்தை ஒட்டியே ஓடுகின்றன. கட்டி அவற்றைத் தொட்டிருக்கிறதா, எவ்வளவு சுற்றியிருக்கிறது என்பதைப் பொறுத்து நோய் நான்காகப் பிரிக்கப்படுகிறது: அகற்றக்கூடியது, எல்லைக்கோட்டில் இருப்பது, அதே இடத்தில் முற்றி அகற்ற முடியாதது, வேறு உறுப்புகளுக்குப் பரவியது. கண்டறியும்போதே அகற்றக்கூடிய நிலையில் இருப்போர் நூற்றுக்கு 15 முதல் 20 பேர் மட்டுமே.

திசு ஆய்வு கட்டாயமா என்பது அடிக்கடி எழும் ஐயம். ஸ்கேனில் தெளிவாகத் தெரியும், அகற்றக்கூடிய கட்டிக்கு அறுவைக்கு முன் திசு ஆய்வு தேவையில்லை என்பதே பரவலான நடைமுறை. மருந்துச் சிகிச்சையோ கதிர்வீச்சோ தொடங்குவதாக இருந்தால் திசு ஆய்வு இன்றியமையாதது. கணையத்தை ஒட்டிய நிணநீர்க் கணுக்களில் வரும் காசநோயும், தன்னுடல் தாக்கு கணைய அழற்சியும் ஸ்கேனில் புற்றுநோய் போலவே தோன்றக்கூடும். காசநோய் மிகுந்த நம் நாட்டில் இதை மறக்கலாகாது. சி.ஏ. 19-9 என்னும் இரத்தப் பரிசோதனை சிகிச்சையின் போக்கை அறிய உதவுமே தவிர, நோய் உண்டு இல்லை என்று தீர்மானிக்க உதவாது. பித்த அடைப்பு எதனால் வந்தாலும் அந்த அளவு கூடும்.

அறுவைச் சிகிச்சை

கணையத் தலையுடன் முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி, சில வேளைகளில் இரைப்பையின் ஒரு பகுதி ஆகியவற்றை அகற்றி, மீதமுள்ள கணையம், பித்தநாளம், இரைப்பை மூன்றையும் சிறுகுடலுடன் இணைப்பது விப்பிள் அறுவை எனப்படுகிறது. நியூயார்க்கில் ஆலன் விப்பிள் 1935இல் வெளியிட்ட அறிக்கையால் இப்பெயர் வந்தது. அதற்கு முன்பே ஜெர்மனியில் வால்தர் கௌஷ் இவ்வகை அறுவையை வெற்றிகரமாகச் செய்திருந்தார். உடல், வால் பகுதிக் கட்டிகளுக்கு அப்பகுதியை மண்ணீரலுடன் அகற்றுவார்கள்.

இந்த அறுவை செய்யத்தக்கதுதானா என்பதே ஒரு காலத்தில் விவாதமாக இருந்தது. 1970இல் ஜார்ஜ் கிரைல் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர், கணையத் தலைப் புற்றுநோய்க்கு விப்பிள் அறுவையைவிடப் பித்தத்துக்கு மாற்றுவழி அமைக்கும் சிறு அறுவையே மேல் என்று வாதிட்டார். அறுவை மேசையிலும் அதை அடுத்த நாட்களிலும் நேரும் இறப்பு அக்காலத்தில் மிக அதிகம். இன்று தேர்ந்த மையங்களில் அந்த இறப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே வந்துவிட்டதால் அவ்வாதம் வலுவிழந்துவிட்டது.

ஆனால் தேர்ந்த மையம் என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் 2002இல் வெளியான பர்க்மேயர் குழுவின் ஆய்வு, கணைய அறுவை மிக அரிதாக நடக்கும் மருத்துவமனைகளில் இறப்பு 16.3 விழுக்காடு என்றும், மிக அதிகமாக நடக்கும் இடங்களில் 3.8 விழுக்காடு என்றும் காட்டியது. வெட்டி எடுப்பதைவிடக் கணையத்தைக் குடலுடன் இணைத்த இடத்தில் கசிவு ஏற்பட்டால் அதைக் காலத்தில் கண்டு சமாளிப்பதே பெரிய சோதனை. அதற்கு அறுவை மருத்துவர் ஒருவர் மட்டும் போதாது. இரவிலும் இயங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவும், இரத்த வங்கியும், குழாய் வழியே இரத்தக்கசிவை அடைக்கத் தெரிந்த கதிரியல் மருத்துவரும் வேண்டும். கட்டடம் பெரியதா என்பதைவிட, இங்கே ஆண்டுக்கு எத்தனை விப்பிள் செய்கிறீர்கள் என்று கேட்பதே சரியான கேள்வி.

காமாலையைக் குறைத்த பின்பா, நேரடியாகவா?

காமாலையுடன் அறுத்தால் ஆபத்து, எனவே எண்டோஸ்கோபி வழியாகப் பித்தநாளத்தில் ஸ்டென்ட் வைத்துக் காமாலை இறங்கிய பின் அறுவை செய்ய வேண்டும் என்பது நெடுநாள் நம்பிக்கை. நெதர்லாந்தில் சுமார் 200 நோயாளிகளிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வு இதைத் தலைகீழாக்கியது. நேரடியாக அறுவை செய்யப்பட்டவர்களில் 39 விழுக்காட்டினருக்கும், முதலில் ஸ்டென்ட் வைக்கப்பட்டவர்களில் 74 விழுக்காட்டினருக்கும் கடுமையான சிக்கல்கள் நேர்ந்தன. ஸ்டென்ட் அடைபட்டுக் கிருமித்தொற்று ஏற்படுவதே பெரும் காரணம்.

எனினும் இந்த முடிவை எல்லோருக்கும் பொருத்த முடியாது. பிலிருபின் அளவு சுமார் 14.6 மில்லிகிராம் வரை உள்ளவர்களே அந்த ஆய்வில் இருந்தனர். நம் ஊர்களில் வாரக்கணக்கில் காமாலையோடு இருந்துவிட்டு வருவோரிடம் அளவு அதற்கும் மேலே போயிருப்பது உண்டு. காய்ச்சலும் குளிரும் சேர்ந்த பித்தநாளத் தொற்று, சிறுநீரகப் பாதிப்பு, மிகுந்த உடல் நலிவு, அறுவைக்கு முன் மருந்துச் சிகிச்சை கொடுக்கும் திட்டம் ஆகியவை இருந்தால் ஸ்டென்ட் தேவை. அந்நிலையில் பிளாஸ்டிக் ஸ்டென்ட்டைவிட உலோக ஸ்டென்ட் நீண்டநாள் அடைபடாமல் இருக்கும், விலை கூடுதல். சி.டி. ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே அவசரமாக ஸ்டென்ட் வைத்துவிட்டால், அதனால் வரும் வீக்கம் கட்டியின் எல்லையை மறைத்துவிடும். எனவே ஸ்கேன் முதலில், ஸ்டென்ட் பிறகு என்ற வரிசை முக்கியம்.

திறந்த அறுவையா, துளை வழியா?

இந்த விவாதத்தில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. கோயம்புத்தூர் ஜெம் மருத்துவமனையின் சி. பழனிவேலு லேப்ராஸ்கோபி முறையில் விப்பிள் அறுவை செய்த முன்னோடிகளில் ஒருவர். அவரது குழு 64 நோயாளிகளை இரு பிரிவாகக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. துளை வழியாகச் செய்யப்பட்டவர்கள் மருத்துவமனையில் தங்கிய இடைநிலைக் காலம் 7 நாள். திறந்த முறையில் 13 நாள்.

இதே கேள்வியை நெதர்லாந்தின் பல மருத்துவமனைகள் சேர்ந்து ஆராய்ந்தபோது விளைவு வேறாக இருந்தது. 2019இல் வெளியான அந்த ஆய்வு, 99 நோயாளிகளுடன் பாதுகாப்புக் கருதிப் பாதியில் நிறுத்தப்பட்டது. சிக்கல்களால் நேர்ந்த இறப்பு லேப்ராஸ்கோபி பிரிவில் 50 பேரில் 5. திறந்த பிரிவில் 49 பேரில் 1. 2021இல் வெளியான சீனாவின் 14 மருத்துவமனைகளின் பெரிய ஆய்வில், அனுபவம் மிக்க கைகளில் இரு முறைகளுக்கும் இறப்பில் வேறுபாடு இல்லை. தங்கும் நாளில் மட்டும் சிறு குறைவு. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், துளையின் நன்மை அதைச் செய்பவரின் பயிற்சியைப் பொறுத்தது என்பதும், தழும்பு சிறியது என்பதற்காக மட்டும் இடத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதும் புலனாகும்.

மருந்து பின்பா, முன்பா?

கட்டியை முழுதும் அகற்றிய பின்னும் பெரும்பாலானோருக்கு நோய் திரும்புகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவில் அது முன்பே பரவியிருப்பதே காரணம். எனவே அறுவைக்குப் பின் மருந்துச் சிகிச்சை தேவை என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. ஜெர்மனியில் நடந்த ஆய்வு ஒன்றில், அறுவைக்குப் பின் ஜெம்சிடபின் மருந்து பெற்றவர்களில் 20.7 விழுக்காட்டினர் ஐந்தாண்டு உயிருடன் இருந்தனர், பெறாதவர்களில் 10.4 விழுக்காட்டினர். பிரான்சும் கனடாவும் சேர்ந்து நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு மருந்துகள் சேர்ந்த ஃபோல்ஃபிரினாக்ஸ் முறையின் சற்றே மாற்றிய வடிவம் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 54.4 மாதம், ஜெம்சிடபின் மட்டும் பெற்றவர்களுக்கு 35 மாதம். ஆனால் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் அறுவையிலிருந்து நன்கு தேறியவர்கள். தேறாத உடலில் அதே மருந்து தீங்காக முடியலாம்.

விப்பிள் அறுவைக்குப் பின் கணிசமானோர் மருந்தைத் தொடங்க முடியாத அளவுக்குத் தளர்ந்துவிடுகின்றனர். எனவே மருந்தை அறுவைக்கு முன்பே கொடுத்துவிட்டால் என்ன என்ற கருத்து வலுப்பெற்றது. எல்லைக்கோட்டு நிலையில் இது இப்போது பெரும்பாலும் ஏற்கப்பட்டுவிட்டது. நெதர்லாந்தின் ப்ரியோபாங்க் ஆய்வில், அகற்றக்கூடிய நிலையிலும் எல்லைக்கோட்டு நிலையிலும் இருந்தவர்களுக்கு முன்கூட்டியே மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்தபோது ஐந்தாண்டு வாழ்ந்தோர் 20.5 விழுக்காடு, நேரடி அறுவையில் 6.5 விழுக்காடு.

எளிதாக அகற்றக்கூடிய கட்டிக்கும் இதே வழிதானா என்பதில்தான் இன்றைய சர்ச்சை. நார்டிக் நாடுகளில் 140 பேரிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், முதலில் ஃபோல்ஃபிரினாக்ஸ் பெற்ற பிரிவின் இடைநிலை வாழ்நாள் 25.1 மாதம், நேரடி அறுவைப் பிரிவில் 38.5 மாதம். முன்மருந்து எல்லோருக்கும் நன்மை என்று அடித்துச் சொல்ல இயலாது என்பதே இதன் பாடம். ஆகவே ஒரு மருத்துவர் முதலில் அறுவை என்றும் மற்றொருவர் முதலில் மருந்து என்றும் சொன்னால், ஒருவர் ஏமாற்றுகிறார் என்று பொருள் அல்ல. இருவரும் சான்று உள்ள வழிகளையே சொல்லக்கூடும். அறுவை மருத்துவரும் புற்றுநோய் மருந்தியல் மருத்துவரும் ஒரே ஸ்கேனைச் சேர்ந்து பார்த்து எடுக்கும் முடிவே குடும்பத்துக்குத் தெளிவு தரும்.

கதிர்வீச்சின் இடம்

1985இல் வெளியான ஒரு சிறிய அமெரிக்க ஆய்வு, அறுவைக்குப் பின் கதிர்வீச்சும் மருந்தும் சேர்ந்து வாழ்நாளைக் கூட்டின என்றது. அமெரிக்காவில் இது வழக்கமாயிற்று. ஐரோப்பாவில் 2004இல் முழு முடிவு வெளியான எஸ்பாக்-1 ஆய்வு, மருந்து நன்மை செய்தது, கதிர்வீச்சு செய்யவில்லை என்றது. அன்றிலிருந்து அட்லாண்டிக்கின் இரு கரைகளும் வெவ்வேறு வழியில் சென்றன. அகற்ற முடியாத நிலையில் உள்ளவர்களிடம் நடந்து 2016இல் வெளியான லாப்-07 ஆய்விலும் கதிர்வீச்சு வாழ்நாளைக் கூட்டவில்லை. கட்டி அதே இடத்தில் பெருகுவதை மட்டும் தள்ளிப்போட்டது. இன்று கதிர்வீச்சு எல்லோருக்கும் உரியதாக இல்லாமல், தேர்ந்தெடுத்த சிலருக்கும் வலியைக் குறைப்பதற்கும் பயன்படுத்தப்படுகிறது.

பரவிய நிலையில்

கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ வயிற்று உறைக்கோ பரவிய பின் அறுவை பயன் தராது. மருந்தின் நோக்கம் வாழ்நாளைக் கூட்டுவதும் தொல்லைகளைத் தணிப்பதும் ஆகும். 1997இல் ஜெம்சிடபின் பழைய மருந்தைவிட ஒரு மாத அளவே கூடுதல் வாழ்நாள் தந்தாலும், வலியையும் மெலிவையும் குறைத்தது என்பதால் ஏற்கப்பட்டது. 2011இல் ஃபோல்ஃபிரினாக்ஸ் இடைநிலை வாழ்நாளை 6.8 மாதத்திலிருந்து 11.1 மாதமாக்கியது. 2013இல் ஜெம்சிடபினுடன் நாப்-பாக்லிடாக்சல் சேர்த்தபோது அது 6.7 மாதத்திலிருந்து 8.5 மாதமாயிற்று. முதல் முறை வலுவானது, பக்கவிளைவும் அதிகம். நடமாட்டமும் உடல்தெம்பும் உள்ளவர்களுக்கே பொருந்தும். இரண்டாவது சற்றே எளிது. மிகத் தளர்ந்தவர்களுக்கு ஜெம்சிடபின் மட்டும் கொடுப்பதும், மருந்தே கொடுக்காமல் நோய்த்தணிப்புப் பராமரிப்பு அளிப்பதும் முறையான சிகிச்சையே, கைவிடுதல் அல்ல.

இடைநிலை வாழ்நாள் என்றால் பாதிப் பேர் அதற்குக் குறைவாகவும் பாதிப் பேர் அதற்கு மேலும் வாழ்ந்தார்கள் என்று பொருள். அது ஒரு தனி மனிதருக்கு விதிக்கப்பட்ட கெடு அல்ல.

பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் உள்ள சிறு பகுதியினருக்குப் பிளாட்டினம் வகை மருந்துகள் நன்கு கேட்கும். அவர்களுக்கு ஓலாபரிப் மாத்திரை நோய் மீண்டும் முற்றுவதைத் தள்ளிப்போட்டது. மொத்த வாழ்நாளைக் கூட்டவில்லை. கணையப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் காணப்படும் கே-ராஸ் மரபணு மாற்றத்தைக் குறிவைக்கும் மருந்துகள் இப்போது ஆய்வின் மையத்தில் உள்ளன. 2023இல் 16 பேரிடம் சோதிக்கப்பட்ட எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி அவர்களில் 8 பேரிடம் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டியது. இவை நம்பிக்கை தரும் தொடக்கங்கள். வழக்கமான சிகிச்சைக்கு மாற்று அல்ல.

வலியும் உணவும்

கணையத்துக்குப் பின்னால் உள்ள நரம்புப் பின்னலைக் கட்டி பற்றும்போது வலி இரவில் உறங்கவிடாது. முன்குனிந்து உட்கார்ந்தால் மட்டும் சற்றே தணியும். இதற்கு மார்ஃபின் நேர்மையான மருந்து. பழக்கமாகிவிடும் என்ற அச்சத்தால் அதைத் தள்ளிப்போடுவது தேவையற்ற துன்பம். போதைப்பொருள் சட்டத்தில் 2014இல் செய்யப்பட்ட திருத்தம், மருத்துவத் தேவைக்கு மார்ஃபின் வைத்திருப்பதற்கான உரிம நடைமுறைகளை எளிமையாக்கியது. மார்ஃபினுடன் மலமிளக்கியும் சேர்த்தே கொடுக்க வேண்டும். நரம்புப் பின்னலில் ஊசி வழியே மருந்து செலுத்தி வலியைத் தணிக்கும் முறையும் உண்டு.

கணைய நொதி குடலை அடையாதபோது சாப்பிட்டது செரிக்காது, மலம் எண்ணெய்ப் பசையுடன் மிதக்கும், எடை சரியும். நொதி மாத்திரைகளை உணவுக்கு முன்போ பின்போ மொத்தமாக விழுங்காமல், உணவோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும். பத்தியத்தைக் கைவிட்டு, முட்டை, தயிர், பருப்பு, மீன் என்று சிறிது சிறிதாகப் பலமுறை உண்பது நல்லது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினால் இரத்தக்கட்டாக இருக்கலாம்; அன்றே காட்ட வேண்டும்.

மதுரை வட்டாரத்தில்

பசுமலை, திருப்பரங்குன்றம், திருமங்கலம் பகுதிகளில் கண் மஞ்சளான ஒருவர் பெரும்பாலும் முதலில் செல்வது தெருமுனை மருத்துவரிடம் அல்லது நாட்டு மருந்துக்கு. அங்கிருந்து ஸ்கேன் மையம், பிறகு நகரத்து மருத்துவமனை என்று பாதை நீள்கிறது. மதுரை மருத்துவக் கல்லூரியுடன் இணைந்த அரசு இராஜாஜி மருத்துவமனைக்கு மதுரை மட்டுமன்றித் தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். இரைப்பை குடல் அறுவைச் சிகிச்சைக்கெனத் தனித் துறை அங்கு உண்டு. நகரின் பெரிய தனியார் மருத்துவமனைகளிலும் இவ்வறுவை செய்யப்படுகிறது. எனவே சென்னைக்கோ மும்பைக்கோ போனால்தான் உண்டு என்ற நிலை இல்லை. ஆனாலும் எண்ணிக்கையும் அனுபவமும் பற்றிய கேள்வியை இங்கும் கேட்க வேண்டும்.

செலவு, சிகிச்சையின் போக்கையே மாற்றிவிடும் காரணி. ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற வழியுண்டு. எந்த அறுவை, எந்த மருந்து அதில் அடங்கும் என்பதை மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு அலுவலரிடம் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது. நிலத்தை விற்று, நகையை அடகு வைத்து, சில வாரங்களே கூட்டும் மருந்துக்குச் செலவிடுவதா என்பது மருத்துவக் கேள்வி மட்டுமன்று. அதற்கு விடை சொல்ல வேண்டியவர் நோயாளி. அவர் விடை சொல்வதற்கு எவ்வளவு பயன், எவ்வளவு தொல்லை என்ற உண்மை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்புப் பராமரிப்பு அளிப்பதும் அடங்கும்.

முன்கூட்டியே கண்டறிய முடியுமா?

அறிகுறி இல்லாத எல்லோருக்கும் ஸ்கேன் எடுப்பது பயன் தராது என்று அமெரிக்கத் தடுப்புப் பணிக்குழு 2019இல் மீண்டும் உறுதிசெய்தது. தவறான ஐயங்களும் தேவையற்ற அறுவைகளுமே மிஞ்சும். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக நீரிழிவு வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் சற்றுக் குறைவானோருக்கு மூன்றாண்டுக்குள் கணையப் புற்றுநோய் தெரியவந்தது என்று சுரேஷ் சாரியின் குழு பின்னர் அமெரிக்காவில் கண்டறிந்தது. நீரிழிவு வந்த எல்லோரும் அஞ்ச வேண்டியதில்லை. அந்த வயதில், குடும்பத்தில் யாருக்கும் இல்லாத சர்க்கரை, எடைக் குறைவுடன் சேர்ந்து வந்தால் மட்டும் கணையத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். நெருங்கிய உறவினர் இருவருக்கு மேல் இந்நோய் வந்த குடும்பத்தினரும், மேற்சொன்ன மரபணு மாற்றம் உள்ளோரும் தொடர் கண்காணிப்புக்கு உரியவர்கள்.

நோயாளியிடம் சொல்வது

நம் குடும்பங்களில் ஸ்கேன் முடிவு மகனிடமோ மருமகனிடமோ தரப்படுகிறது. அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம், தாங்கமாட்டார் என்ற வேண்டுகோள் மருத்துவரிடம் வைக்கப்படுகிறது. அன்பினால் செய்வதுதான். ஆனால் கண் மஞ்சளாகி, உடல் மெலிந்து, மொட்டை விழுந்து, மருந்து ஏற்றப்படும் ஒருவர் தமக்கு என்ன என்று அறியாமல் இருப்பது அரிது. அவர் அறிந்தும் பேச முடியாமல் தனித்துவிடப்படுகிறார். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று அவரையே கேட்பதும், அவர் விரும்பும் அளவுக்குச் சொல்வதும் இன்று பரிந்துரைக்கப்படும் முறை.

முதல் சந்திப்பில் குடும்பம் கேட்க வேண்டியவை சிலவே: இது கணையத்தின் எந்த வகைக் கட்டி? ஸ்கேன்படி அகற்றக்கூடியதா? ஸ்டென்ட் ஏன் தேவை, ஏன் தேவையில்லை? மருந்து முதலிலா, அறுவை முதலிலா, எந்தக் காரணத்தால்? இங்கே ஆண்டுக்கு எத்தனை கணைய அறுவைகள் நடக்கின்றன? சிகிச்சையால் எதிர்பார்க்கக்கூடிய பயன் என்ன, எந்த நிலையில் நிறுத்துவோம்? வலிக்கு யாரை அழைப்பது? இவற்றுக்கு விடை பெற இரண்டு மூன்று நாள் ஆனாலும் இழப்பில்லை. காமாலை வந்த நாளிலிருந்து அந்த அறைக்குள் நுழையும் வரை கடந்துபோகும் வாரங்களைக் குறைப்பதே குடும்பத்தின் கையில் உள்ள பெரிய வேலை.